மூன்றாம் அடியில் நொண்டும் பாட்டு

காலை ஏழு மணிக்கு மல்லிகா போன் செய்தாள். கலியபெருமாள் அண்ணனின் மகள். "அத்தை, அப்பா போயிட்டாங்க" என்றாள். அடுப்பில் பால் வைத்திருந்தேன். முந்தாநாள்தானே பேசினார் என்று அவளிடம் சண்டை பிடிப்பது போலக் கேட்டேன். விடிந்ததும் காபி கேட்டிருக்கிறார். ஆற்றிக்கொண்டு வருவதற்குள் போய்விட்டாராம். காபியை ஆற்றாதே, ஆற்றாதே என்று அந்த வீட்டில் ஐம்பது வருடமாகச் சத்தம் போட்ட மனிதர். அதையும் சொல்லித்தான் மல்லிகா அழுதாள். நான் போனை வைத்துவிட்டுத் திரும்பினால் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது.

உங்களில் பலருக்கு அவர் கலியபெருமாள் இல்லை என்பது எனக்குத் தெரியும். உங்களுக்கு அவர் 'வரப்போரம்' நிகழ்ச்சியின் மாணிக்கண்ணன். நான் பொன்னம்மா. மாலை ஆறே முக்காலுக்கு வானொலியில் நாங்கள் இருவரும் வரப்பில் உட்கார்ந்து பேசுவோம். வரப்பாவது ஒன்றாவது, குளிர்சாதன அறையில், ஒரு மேசைக்கு இரண்டு பக்கம், நான் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர், குறுவைக்கு எப்போது நாற்று விடலாம், புகையான் விழுந்தால் என்ன தெளிப்பது என்று அவர் சொல்வார். நான் ஒன்றும் தெரியாதவள் போலக் கேள்வி கேட்பேன். கேள்வியையும் அவர்தான் எழுதிக் கொடுப்பார். முடிவில் ஒரு பாட்டு வரும். அதை எழுதியவர், மெட்டுப் போட்டவர், ஆர்மோனியம் வாசித்தவர், பாடியவர், பாடி முடித்த பிறகு 'நல்லா இருக்குண்ணே' என்று என்னைச் சொல்ல வைத்தவர், எல்லாம் அந்த ஒரே ஆள்தான்.

புகையானுக்கு அவர் போட்ட பாட்டை நினைவிருக்கிறதா? பூச்சியைப் பற்றித் தாலாட்டு மெட்டில் ஒரு பாட்டு. பூச்சிமருந்துக் கடையில் மருந்தின் பெயர் மறந்தவர்கள் அந்தப் பாட்டின் இரண்டாம் அடியைப் பாடிக் காட்டி வாங்கிப் போனார்கள். முத்துப்பேட்டையில் ஒரு துணிக்கடை பாய், நான் புடவை கேட்ட குரலிலேயே கண்டுபிடித்துவிட்டு, "மாணிக்கண்ணன் வரலியாம்மா, நல்லா இருக்காங்களா?" என்று விசாரித்தார். பிறகு அவருடைய மகள் கல்யாணத்துக்கு அண்ணன் ஒரு வாழ்த்துப் பாட்டு எழுதிக் கொடுத்தார். அது கேசட்டில் ஏறி, துபாய்க்குப் போய், அங்கே வேலை பார்த்த பிள்ளைகளின் அறைகளிலெல்லாம் ஓடியதாகக் கேள்வி. எங்கள் இருவரையும் புருஷன் பெண்டாட்டி என்று நம்பிக் கடிதம் போட்டவர்களும் உண்டு. என் வீட்டுக்காரர் அந்தக் கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு என்னைப் படாதபாடு படுத்துவார்.

அண்ணனின் காது பொல்லாதது. நிலைய அதிகாரி கூப்பிட்டுக் கண்டிக்கும்போதுகூட அதிகாரியின் மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருப்பார். "அவரு திட்டுறது எட்டெட்டா சரியா விழுது, கவனிச்சியா?" என்று வெளியே வந்து சொல்வார். ஒலிநாடாவை அப்போது பிளேடால் வெட்டித்தான் ஒட்ட வேண்டும். இருமலை வெட்டுவோம், காக்கை கத்தலை வெட்டுவோம். அவர் வெட்டினால் எங்கே வெட்டினார் என்று யாருக்கும் தெரியாது. தாளம் கெட்டுவிடும் என்றால் எமனே வந்து கேட்டாலும் வெட்டமாட்டார். அந்தப் பிடிவாதம்தான் ஒரு பெண்ணின் குடிசைக்கு வினையாகப் போனது. அவரைப் பற்றி நான் எழுத உட்கார்ந்தது அதற்காகத்தான். அஞ்சலி என்றால் புகழ மட்டும் வேண்டும் என்று நினைப்பவர்கள் மன்னிக்க வேண்டும். அவரே அதை மறைத்ததில்லை.

ஆட்சி மாறி, மேடையெல்லாம் அடுக்குமொழி முழங்கிய காலம் அது. வயல்களில் வேறு சத்தம். கீழத்தஞ்சையில் ஊருக்கு ஊர் சேரியில் செங்கொடி, பண்ணை வீட்டில் மிராசுதார் சங்கம், நடுவில் போலீஸ் வேன். நாங்கள் தில்லியின் சம்பளக்காரர்கள். எந்தப் பக்கமும் வாய் திறக்கக் கூடாது என்று சுவரில் எழுதாத குறை. அண்ணனோ வேலைக்கு வருவதற்கு முன்பு, கூலியாட்கள் போட்ட ஒரு நாடகத்துக்குப் பெயர் போடாமல் ஒரு நடவுப் பாட்டு எழுதிக் கொடுத்திருந்தார். அது வாய்க்கு வாய் பரவி, எழுதியவரை மறந்து, எங்கள் பாட்டிகள் பாடிய பாட்டு என்று பெண்கள் சொல்லும் அளவுக்கு ஊறிப்போயிருந்தது.

நடவில் எந்த வயலில் நிற்கிறார்களோ, அந்த வயல்காரர் பெயரைப் பாட்டில் போட்டுப் பாடுவது நம் பக்கத்து வழக்கம். பெயரைக் கேட்ட சந்தோஷத்தில் வரப்பில் நிற்பவர் ஏதாவது கொடுப்பார். அண்ணன் அந்த வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, மூன்றாம் அடியில் பெயருக்கு ஓர் இடம் விட்டு, கடைசி அடியில் ஒரு கேள்வியை வைத்துவிட்டார்.

நாத்துமுடி பிரிச்சு வச்சோம்
நாலு வரப்பும் குனிஞ்சு வந்தோம்
இன்னாரோட வயலுக்குள்ளே
நட்ட கையி எங்க கையி
நாளை நெல்லு யாரு நெல்லு?

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு ஊருக்கு நடவுப் பாட்டுப் பதிவு செய்யப் போனோம். ஒலிப்பதிவுக் கருவி ஒரு மூட்டை அரிசி கனம் இருக்கும். அதை வரப்பில் இறக்கி வைத்ததும், பெண்கள் ஆளுக்கொரு பாட்டுப் பாடினார்கள். முன்பாட்டுக்காரி அஞ்சலை. முப்பது வயதுகூட இருக்காது. இரண்டு பிள்ளைகள், புருஷன் இல்லை. அவள் எடுத்த ஐந்தாவது பாட்டு இது. அண்ணன் முகத்தைப் பார்த்தேன். தன் பிள்ளையைத் திருவிழாக் கூட்டத்தில் எதிர்பாராமல் பார்த்த முகம். மூன்றாம் அடி வந்தது. அவள் நின்றது சாமியப்பர் என்ற மிராசுதாரின் வயல். 'சாமியப்பரு வயலுக்குள்ளே' என்று வழக்கப்படி பெயரைப் போட்டுவிட்டாள். ரேடியோவுக்குப் பெயர் வேண்டாம் என்று முன்பே சொல்லியிருக்க வேண்டியது அண்ணனின் வேலை. அவர் பாட்டிலேயே லயித்து நின்றார்.

நிலையத்தில் வெட்டுகிற மேசையில் உட்கார்ந்தபோது நான் சொன்னேன், அண்ணே அந்தப் பெயரை எடுத்துவிடுங்கள் என்று. நாடாவை முன்னும் பின்னும் பத்து முறை ஓட்டினார். சாமியப்பரு என்ற பெயர் அந்த இடத்தில் அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்திருந்தது. "வெட்டினா நொண்டும்மா. அப்புறம் இது பாட்டே இல்ல" என்றார். ஊருக்கு ஒரு சாமியப்பர் இருக்கிறார், யாருக்குத் தெரியப் போகிறது என்றும் சொன்னார். பிளேடை மேசையில் வைத்துவிட்டார். நானும் அதற்கு மேல் சொல்லவில்லை.

பாட்டு ஒலிபரப்பான மறுவாரம் ஒரு அஞ்சல் அட்டை வந்தது. அஞ்சலை சொல்ல யாரோ எழுதியது. டீக்கடையில் ரேடியோ கேட்ட நாலு பேர், 'நாளை நெல்லு யாரு நெல்லு' என்று சாமியப்பரின் காதுபடப் பாடியிருக்கிறார்கள். அவருடைய காரியக்காரர், அதுதான் பண்ணைக் கணக்கும் ஆட்களும் பார்ப்பவர், குடிசைக்கு வந்து, அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் காலி செய் என்று சொல்லிவிட்டார். குடிசை நிற்பது பண்ணை மண்ணில். வேறு மண் அவளுக்கு எங்கும் கிடையாது. 'நான் வழக்கமாத்தான் பாடினேன், என்ன தப்பு பண்ணினேன்னு அய்யா கேட்டுச் சொல்லணும்' என்று அட்டை முடிந்திருந்தது. அண்ணன் அதைப் படித்த பிறகு மேசையில் தட்டவில்லை. விரல்களை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அன்றே பஸ் ஏறி சாமியப்பர் வீட்டுக்குப் போனார். பாட்டு நான் எழுதியது, பெயரை வெட்டாமல் விட்டது என் தவறு, அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிப் பார்த்தார். ரேடியோவில் ஏறிய மானம் ரேடியோவிலேயே இறங்க வேண்டும் என்றாராம் அவர். நிலைய அதிகாரிக்கும் புகார் போயிற்று. அதிகாரி ஒற்றை வரி எழுதிக் கொடுத்தார்: சென்ற வாரம் ஒலிபரப்பான ஒரு பாடலில் தனிநபர் பெயர் இடம்பெற்றமைக்கு வருந்துகிறோம். குடிசையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது.

அன்று மாலை நிகழ்ச்சி நேரடி ஒலிபரப்பு. எதிரே உட்கார்ந்திருந்த நான், அவருடைய தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்ததைத் தலைகீழாகவே படித்துவிட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அதிகாரி எழுதிய வரியை எழுத்துப் பிசகாமல் வாசித்தார். பிறகு தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"பொன்னம்மா, அந்தத் தப்பு என்னோடது. பாடுன அம்மா வழக்கப்படி பாடுனாங்க. அதுக்காக அவங்க குடிசைய வெள்ளிக்கிழமை பிரிக்கப் போறாங்களாம். கோவம் இருந்தா எம்மேல காட்டுங்க. அந்தம்மாவும் ரெண்டு புள்ளைங்களும் எங்க போவாங்க?"

எனக்கு எழுதிக் கொடுத்த பதில் ஒன்றும் இல்லை. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர் எழுந்து நின்றுவிட்டார். வாயில் வந்ததைச் சொன்னேன்: "அப்படியெல்லாம் செய்ய மாட்டாங்கண்ணே. ஊரே கேட்டுக்கிட்டு இருக்குல்ல." பிறகு இருவரும் உரத்தைப் பற்றிப் பேசினோம். என்ன உரம் என்று இன்றும் நினைவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அந்தக் குடிசை வாசலில் நிற்க இடமில்லை என்று பிறகு அஞ்சலை சொன்னாள். செங்கொடிக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். பேர் அவர்களுக்கே போய்விடக் கூடாது என்று ஆளுங்கட்சிக்காரர்கள் வந்து நின்றார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து, ரேடியோ கேட்டோம் என்று சும்மா பார்க்க வந்தவர்கள் அவர்களைவிட அதிகம். காரியக்காரர் வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை.

அண்ணனின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ஒலிபரப்பில் அரசியல் பேசினார் என்று எழுதினார்கள். விசாரணையில் என்னையும் கேட்டார்கள், உனக்கு முன்பே தெரியுமா என்று. பென்சிலில் எழுதியிருந்ததைப் படித்திருந்தும் தெரியாது என்றேன். முந்தின நாள் அவர்தான் அப்படிச் சொல்லச் சொன்னார். "ரெண்டு பேரும் வீட்டுக்குப் போனா பொன்னம்மாவையும் ஜனங்க தேடுவாங்க. ஒரு ஆளாவது வரப்புல இரு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் பொய் சொன்னேன். மறு மாதம் வேறொருவரை மாணிக்கண்ணன் என்று எதிரே உட்கார வைத்தார்கள். நல்ல மனிதர்தான். முதல் நாள் அவர் குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்து, ஜலதோஷம் என்று சமாளித்தேன். விசாரணையில் சொன்ன பொய்யை இப்போதுதான் எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன். இனி என்னை யாரும் வேலையைவிட்டு எடுக்க முடியாது.

மூன்று வருடம் அவர் வெளியே இருந்தார். சோர்ந்து உட்கார்ந்தார் என்று நினைத்தால் உங்களுக்கு அவரைத் தெரியாது. உரக்கடைக்கு விளம்பரப் பாட்டு, திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்துகொள்பவர்களுக்கு வாழ்த்துப் பாட்டு, நாடகக் குழுக்களுக்கு, தர்கா கந்தூரிக்கு, மாரியம்மன் திருவிழாவுக்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் எழுதினார். அரசியல் பேசினார் என்று வேலையை விட்டு எடுக்கப்பட்டவர், ஒரு தேர்தலில் இரண்டு கட்சிக்கும் பாட்டுப் போட்டார். வார்த்தை வேறு, புனைபெயர் வேறு. அவசரத்தில் மெட்டு மட்டும் ஒன்றாகிவிட்டது. பேராவூரணிப் பக்கம் ரயில்வே கேட் சாத்தியிருந்தபோது இரண்டு பிரசார ஜீப்பும் எதிரெதிரே நின்று ஒரே மெட்டை அலறியிருக்கின்றன. கேட் திறப்பதற்குள் இரண்டு ஜீப் ஆட்களும் இறங்கி, யாருடைய மெட்டை யார் திருடியது என்று கட்டிப் புரண்டார்கள். அண்ணன் அதை என்னிடம் சொன்னபோது, "நல்ல மெட்டும்மா, ரெண்டு ஜீப்புல கேட்டாக்கூடச் சலிக்கல" என்றார்.

அந்த மூன்று வருடத்துக்குள், குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே என்று அரசு சட்டம் போட்டது. அஞ்சலைக்கும் பட்டா வந்தது. மன்னார்குடி பஸ் நிலையத்துக்கு எங்களை வரச் சொல்லி, அதை எடுத்துக்கொண்டு வந்தாள். ரேடியோவில் படிப்பது போலப் படித்துக் காட்ட வேண்டும் என்று அண்ணனிடம் கேட்டாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, 'வடக்கே வாய்க்கால், தெற்கே பாதை, கிழக்கே புறம்போக்கு, மேற்கே சாமியப்பர் நிலம்' என்று நாலு எல்லையையும் நிறுத்தி நிதானமாக வாசித்தார். கூட்டம் கூடிவிட்டது. "இன்னொரு தரம் படிங்கய்யா" என்றாள். இன்னொரு தரம் படித்தார். மூன்றாவது தரம் பாதியில் தாளை என்னிடம் கொடுத்துவிட்டார். நான் படித்து முடித்தேன்.

புது அதிகாரி வந்த பிறகு அவரைத் திரும்ப எடுத்தார்கள். நேயர்கள் அந்த நடவுப் பாட்டைக் கேட்டுக் கடிதம் போட்டுக்கொண்டே இருந்தார்கள். பெயரை எடுத்துவிட்டுப் போடலாம் என்று அனுமதி கிடைத்தது. அண்ணன் பிளேடை எடுத்தார். இரண்டு விரல் நீள நாடாவை வெட்டி, முனைகளை ஒட்டினார். ஓட்டிப் பார்த்தோம். மூன்றாம் அடியில் 'வயலுக்குள்ளே' என்ற சொல் இரண்டு தட்டு முன்னதாக வந்து விழுந்தது. படியில் கால் தவறியது போல இருந்தது. எங்க ஊரு என்று பாடி அந்த இடத்தில் சேர்த்துவிடலாமே, அஞ்சலையையே கூப்பிட்டால் பாடிவிட்டுப் போகிறாள் என்று நான் சொன்னேன். அவர் தலையாட்டவில்லை.

"இருக்கட்டும்மா. அன்னிக்கு நொண்டும்னுதானே வெட்டாம விட்டேன். இப்ப நொண்டட்டும். கேக்குற ஒவ்வொரு தடவையும் எனக்கு உறைக்கணும்."

வெட்டிய துண்டை என்னிடம் கொடுத்தார். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் நடவுப் பருவத்தில் அந்தப் பாட்டை அவரே எடுத்துப் போடுவார். மூன்றாம் அடி வரும்போது கண்ணை மூடிக்கொள்வார். ஓய்வு பெறும் வரை அப்படித்தான். நேயர்களில் சிலர், ஒட்டு சரியில்லை, கவனிக்கவும் என்று எழுதுவார்கள். கவனிக்கிறோம் என்று பதில் போடுவார்.

அவர் இறந்த மூன்றாம் நாள் வானொலியில் அஞ்சலி நிகழ்ச்சி வைத்தார்கள். நன்றாகத்தான் செய்தார்கள். கடைசியில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். மூன்றாம் அடி வந்தது. நொண்டவில்லை. கம்ப்யூட்டரில் ஒரு இழுப்பை இழுத்து, இரண்டு தட்டையும் நிரப்பி, வழவழவென்று ஆக்கிவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. உடனே நிலையத்துக்குப் போன் போட்டேன். பேசிய பெண் மிகவும் மரியாதையாக, "அம்மா, பழைய டேப்ல ஒரு எடிட்டிங் பிழை இருந்துச்சு, அத சரிபண்ணிட்டோம்" என்றாள். அது பிழைதான், ஆனால் அதைச் சரிசெய்ய உனக்கு உரிமை இல்லை என்று ஆரம்பித்து, இதுவரை மேலே எழுதியதையெல்லாம் அவளிடம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். பதினாறாம் நாள் காரியத்தன்று பழையபடியே போடுகிறோம் என்றாள். சொன்னபடி போட்டாள். அவளுக்கு என் நன்றி.

அன்று மாலை நான் அஞ்சலையின் வீட்டில் இருந்தேன். பட்டா வந்த அதே மனையில் இப்போது ஓட்டு வீடு. எண்பது தாண்டிவிட்டாள், காது கூர்மை. காரியத்தை முடித்துவிட்டு மல்லிகாவும் வந்திருந்தாள். செல்போனை நடுவில் வைத்துக்கொண்டு கேட்டோம். முப்பது வயதுக் குரல் பாடியது. எண்பது வயது வாய் கூடவே முணுமுணுத்தது. மூன்றாம் அடி நெருங்கியபோது நான் அஞ்சலையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் வானொலியில் நடித்துப் பேசிப் பழகிய புத்தி, அந்த இடத்தில் அண்ணன் பெயரைப் போட்டுப் பாடுவாள் என்று எதிர்பார்த்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள். பிறகு நட்ட கையி எங்க கையி என்று சேர்ந்துகொண்டாள்.

ஏன் பெயர் போடவில்லை என்று மனது கேட்காமல் கேட்டுவிட்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"அந்த எடத்துல வயக்காரர் பேருதானே போடணும். அவருக்கு ஏதும்மா வயலு?"

மல்லிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். சிரித்து முடித்தபோது மூன்று பேரும் அழுதுகொண்டிருந்தோம்.

அந்த நாடாத் துண்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அதைப் போட்டுக் கேட்கக் கருவி இல்லை, தேடவும் இல்லை. அதில் இருப்பது சாமியப்பர் பெயர்தான். அண்ணன் எனக்கு விட்டுப் போனது அந்தப் பெயர் இருந்த இடம், இரண்டு தட்டு நீளம். தப்புச் செய்துவிட்டு வழவழவென்று பூசி மெழுகத் தோன்றும்போதெல்லாம் விரலால் அதைத் தட்டிப் பார்க்கிறேன். பாட்டு நொண்டுகிறது. நொண்டட்டும், அண்ணே.